கடவுச்சொல்லும் கதவுப் பூட்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசு. சிவில்காரருக்கும் புரிய வேண்டும், மெக்கானிக்கல்காரருக்கும் புரிய வேண்டும்" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டிருக்கிறார். என் தொழில் சர்வர்களைப் பராமரிப்பது. அதிலும் லாகின் சர்வர். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

லாகின் சர்வர் என்றால் என்ன? ஒரு அலுவலகத்தில் சம்பளச் சீட்டு பார்க்க ஒரு மென்பொருள், விடுப்பு எழுத ஒன்று, ஸ்டோர் கணக்குக்கு ஒன்று என்று நாலைந்து இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடவுச்சொல் கேட்கும். ஆட்களும் பாவம், ஐந்தையும் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வாசல் வைக்கிறோம். எந்த மென்பொருளைத் திறந்தாலும் அது "முதலில் வாசலுக்குப் போய்ச் சீட்டு வாங்கி வா" என்று அனுப்பிவிடும். வாசலில் இருப்பவர் கடவுச்சொல்லைக் கேட்டு, சரிபார்த்து, ஒரு சீட்டுக் கொடுப்பார். அதற்கு டோக்கன் என்று பெயர். அதைக் காட்டி உள்ளே போகலாம். உள்ளே இருக்கும் மென்பொருள் எதுவும் உங்கள் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. 2012இல் வந்த ஓஆத் 2.0, 2014இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட் என்ற இரண்டு பொது விதிகளின்படி இது நடக்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லாருடைய கடவுச்சொல்லும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகிறது. இரண்டு, அந்த டோக்கன் பெரும்பாலும் சினிமா டிக்கெட் மாதிரி. யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கதவு திறக்கும். வாங்கியவர் யார் என்று கேட்பதில்லை. ஆகவே இந்த வாசலில் நடக்கும் பேச்சு வெளியாள் காதில் விழக்கூடாது.

அங்கேதான் எச்.டி.டி.பி.எஸ். வருகிறது. வெறும் எச்.டி.டி.பி. என்பது போஸ்ட் கார்டு. வழியில் யார் கையில் எடுத்தாலும் படிக்கலாம், பேனா இருந்தால் திருத்தியும் எழுதலாம். கடைசியில் ஒரு எஸ் சேர்ந்தால் அது அரக்கு முத்திரை வைத்த கவர். வழியில் படிக்க முடியாது, திருத்தினால் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. கவர் போய்ச் சேரும் ஆள் உண்மையாகவே அந்த ஆள்தானா என்பதையும் அது சான்றிதழ் வைத்துச் சரிபார்க்கிறது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற பெயரில் தொடங்கி வைத்தது. 1999இல் டி.எல்.எஸ். என்று பெயர் மாறியது. 2018இல் வந்தது டி.எல்.எஸ். 1.3.

"கடவுச்சொல் அடிக்கிற பக்கத்தில் மட்டும் முத்திரை இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் ஃபயர்ஷீப் என்று ஒரு சிறு மென்பொருளை வெளியிட்டார். நாங்கள் அப்போது இங்கே மூன்றாம் ஆண்டு. பூட்டில்லாத வைஃபையில் உட்கார்ந்து அதை ஓட்டினால், அதே வைஃபையில் ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பட்டியல் வரும். ஒரு பெயரைத் தட்டினால் அவருடைய கணக்குக்குள்ளேயே போய்விடலாம். ஏன்? லாகின் பக்கத்தைத் தாண்டியதும் அந்தத் தளங்கள் மறுபடி போஸ்ட் கார்டுக்கு இறங்கிவிட்டன. கடவுச்சொல் பத்திரமாக இருந்தது, டிக்கெட் தெருவில் கிடந்தது. தன் நோக்கம் திருட்டல்ல, நிறுவனங்களைத் திருந்த வைப்பதுதான் என்றார் பட்லர். 2011 ஜனவரியில் ஃபேஸ்புக் முழு நேரமும் எச்.டி.டி.பி.எஸ். பயன்படுத்தும் வசதியைத் தந்தது, 2013இல் அதையே எல்லாருக்கும் வழக்கமாக்கியது.

இப்போது என் மேஜைக்கு வருகிறேன். நான் பெரும்பாலும் பராமரிப்பது கீகிளோக் என்ற லாகின் சர்வர். 2014இல் முதல் பதிப்பு வந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தார் வளர்த்தது. காசு கிடையாது, மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. 2023 முதல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கீழ் இருக்கிறது. இதை யாரும் இப்போது மெஷினில் நேரடியாக நிறுவுவது குறைவு. கன்டெய்னரில்தான் ஓட்டுகிறார்கள்.

கன்டெய்னர் என்றதும் தூத்துக்குடித் துறைமுகத்து இரும்புப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தால், சரியான ஞாபகம்தான். மென்பொருளையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுவது. 2013இல் டாக்கர் வந்த பிறகு இது பரவலாயிற்று. எந்த மெஷினில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும். புதுப் பதிப்பு வந்தால் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி வைக்கலாம். ஆனால் பழைய பெட்டிக்குள் நீங்கள் கையால் வைத்த எதுவும் புதுப் பெட்டியில் இருக்காது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

கீகிளோக்கை இரண்டு விதமாகக் கிளப்பலாம். ‘ஸ்டார்ட்-டெவ்’ என்று சொன்னால் பழகிப் பார்ப்பதற்கான முறை. எதையும் கேட்காது, 8080 என்ற போர்ட்டில் போஸ்ட் கார்டிலேயே பேசும். வெறும் ‘ஸ்டார்ட்’ என்று சொன்னால் நிஜ வேலைக்கான முறை. அப்போது அது "உன் முகவரி என்ன? சான்றிதழ் எங்கே? சாவி எங்கே?" என்று கேட்கும். கொடுக்காவிட்டால் கிளம்பாது. "எச்.டி.டி.பி.எஸ். அமைக்கச் சாவி தரப்படவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

என் அனுபவத்தில் இந்த மறுப்புதான் அந்த மென்பொருளின் மிகச் சிறந்த குணம். ஆனால் வேலை நெருக்கடியில் இருப்பவருக்கு அது தொந்தரவாகத் தெரியும். "அட, நாளைக்கு எம்.டி. முன்னால காட்டணும்ப்பா, இப்போதைக்கு ஸ்டார்ட்-டெவ் போட்டு ஓட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த "அப்புறம்" வருவதே இல்லை. ஓடுகிற வண்டியை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்?

அப்படி ஓடிய ஒரு வண்டியைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே கணக்குப் பிரிவில் ஒரு அம்மா, பல வருஷ சர்வீஸ். ஒரு நாள் அவருடைய பெயரில் லாகின் செய்து யாரோ மொத்தச் சம்பளப் பட்டியலையும் இறக்கிக்கொண்டார்கள். அன்று அவர் விடுப்பில் இருந்தார். நிர்வாகம் என்ன சொன்னது? "சரியான கடவுச்சொல் போட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள்" என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா, "சார், என் புருஷன்கிட்டகூட நான் சொன்னதில்லை" என்று அழுதார்.

நான் போனது வேறு வேலைக்கு, சர்வரைப் புதுப் பதிப்புக்கு மாற்ற. போய்ப் பார்த்தால் கீகிளோக் ஸ்டார்ட்-டெவ் முறையில் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் போஸ்ட் கார்டு. அலுவலகம் முழுக்க ஒரே வைஃபை, ஒரே வைஃபை கடவுச்சொல், வந்து போகிறவர்களுக்கும் அதே. அந்தக் கடவுச்சொல் தெரிந்த எவரும் அதே வைஃபையில் பறப்பதைப் பிடித்துப் படிக்கலாம். பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பிரவுசரே "இது பாதுகாப்பற்றது" என்று முகவரிக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. "அதைக் கண்டுக்காதீங்க, அப்படித்தான் வரும்" என்று ஊழியர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்!

கீகிளோக் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். அதில் ஒரு வழக்கமான அமைப்பு உண்டு. வெளி முகவரியிலிருந்து போஸ்ட் கார்டில் பேச வந்தால் "எச்.டி.டி.பி.எஸ். தேவை" என்று சொல்லித் திருப்பி அனுப்பும். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள் முகவரியிலிருந்து வந்தால் வீட்டு ஆள் என்று விட்டுவிடும். அந்த வைஃபையில் எல்லாருமே வீட்டு ஆள்தான், வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அந்நியர் உட்பட.

நான் அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: "சர்வர் பதிவேடு சொல்வது, சரியான கடவுச்சொல் வந்தது என்பதை. அதைக் கொண்டுவந்தவர் யார் என்பதை அல்ல. இந்த வாசலில் கடவுச்சொல்லைக் கேட்க முடிந்தவர்கள் பலர்." மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு, "சாவியை யாருக்குக் கொடுத்தாய்?" என்று வீட்டில் இருப்பவரைக் கேட்பது நியாயமில்லை அல்லவா? எச்.டி.டி.பி.எஸ். என்பது திருடனைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. நிரபராதி தன்னை நிரூபித்துக்கொள்வதற்கும் அது வேண்டும்.

சரி, எப்படிப் பூட்டு போடுவது? இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று சான்றிதழ், இன்னொன்று அந்தரங்கச் சாவி. சான்றிதழை எல்லாருக்கும் காட்டலாம். சாவியை யாருக்கும் காட்டக்கூடாது.

சான்றிதழ் தனித்தாள் அல்ல, ஒரு சங்கிலி. நாம் வாங்கிய போனஃபைடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். துறைத்தலைவர் கையெழுத்துப் போடுகிறார். அவரை முதல்வருக்குத் தெரியும், முதல்வரைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். நடுவில் உள்ள தாளை விட்டுவிட்டால், பல்கலைக்கழகத்தை மட்டும் தெரிந்தவருக்குத் துறைத்தலைவர் யார் என்று தெரியாது. ஆகவே நம் சான்றிதழ் முதலில், அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழ் அடுத்து என்று ஒரே கோப்பில் வரிசையாக வைக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நடுத்தாள் இல்லாவிட்டாலும் மேஜைக் கம்ப்யூட்டரில் பிரவுசர் பல சமயம் தானே தேடிப் பிடித்துச் சமாளித்துவிடும். கைபேசிச் செயலியும், பின்னால் இருக்கும் மற்ற சர்வர்களும் பெரும்பாலும் சமாளிக்காது. "என் மெஷின்ல வருதே!" என்று ஒருவர் சொல்வார், "எனக்கு வரலையே!" என்று இன்னொருவர். இருவரும் சொல்வது உண்மை.

அடுத்து, இந்தக் கோப்புகளை எங்கே வைப்பது? பெட்டிக்குள் வைத்தால், பெட்டியை மாற்றும்போது போய்விடும் என்று சொன்னேன். "அப்படியானால் பெட்டி செய்யும்போதே உள்ளே வைத்துத் தைத்துவிடலாமே" என்று தோன்றும். கூடாது. பெட்டியின் அச்சு போகும் இடமெல்லாம் சாவியும் போகும். அச்சு அடுக்கடுக்காக உருவாகிறது. ஒரு அடுக்கில் வைத்ததை அடுத்த அடுக்கில் அழித்தாலும் கீழ் அடுக்கில் அப்படியே இருக்கும். ஆகவே கோப்புகள் வெளியே, மெஷினில் இருக்க வேண்டும். பெட்டிக்கு ஒரு ஜன்னல் வைத்து, படிக்க மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு சான்றிதழ் இங்கே, சாவி இங்கே, எங்கள் முகவரி இது என்று மூன்று வரி எழுதி ‘ஸ்டார்ட்’ என்று சொன்னால் 8443 என்ற போர்ட்டில் எச்.டி.டி.பி.எஸ். பேசத் தொடங்கும். வெளியே அதை 443 ஆகக் காட்டிவிடலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் கீகிளோக் அதிகாரம் படைத்த ரூட் ஆக ஓடுவதில்லை, 1000 என்ற எண்ணுள்ள சாதாரண ஆளாக ஓடுகிறது. சாவிக் கோப்பை ரூட் மட்டும் படிக்கலாம் என்று வைத்திருந்தால் "அனுமதி இல்லை" என்று நின்றுவிடும். உடனே சிலர் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவார்கள். வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். அந்த 1000ஆம் எண்காரருக்கு மட்டும் படிக்க அனுமதி கொடுத்தால் போதும்.

இரண்டாவது வழி, முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு காவலரை நிறுத்துவது. அவர்தான் முத்திரையைப் பிரிப்பார், உள்ளே கீகிளோக்குடன் தனி அறையில் சாதாரணமாகப் பேசுவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் சீட்டெழுதி அனுப்புவது போல, "வந்தவர் இன்னார், எச்.டி.டி.பி.எஸ். வழியாக வந்தார்" என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்பை நம்பும்படி கீகிளோக்குக்கும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது எல்லாரும் போஸ்ட் கார்டில்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எஸ் இல்லாத முகவரிகளை எழுதிக் கொடுக்கும். பக்கம் பாதி வரும், பாதி வராது. லாகின் செய்தால் திரும்பத் திரும்ப லாகினுக்கே வரும்.

ஆனால் குறிப்பை நம்பு என்று சொன்ன பிறகு பின்வாசல் திறந்திருக்கக் கூடாது. 8080ஐ வெளியே திறந்து வைத்தால் எவரும் நேரே வந்து, தானே எழுதிய பொய்ச் சீட்டை நீட்டலாம். "ஃபயர்வால் போட்டிருக்கோம் சார்" என்பார்கள். லினக்ஸில் பலர் பயன்படுத்தும் யு.எஃப்.டபிள்யூ. ஃபயர்வாலை டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் சுற்றிக்கொண்டு போய்விடும். ஆகவே உள்ளேயே வைக்க வேண்டிய போர்ட்டைத் திறக்கவே கூடாது. 25ஆம் பதிப்பிலிருந்து சர்வரின் உடல்நிலை பார்ப்பதற்கென்று வரும் 9000க்கும் இதே விதி.

முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை. கீகிளோக் தரும் ஒவ்வொரு டோக்கனிலும் "இதைக் கொடுத்தது இந்த முகவரி" என்று எழுதியிருக்கும். வாங்கிப் பார்க்கும் மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எஸ் சேர்த்தால் முகவரி மாறுகிறது, ஆகவே உள்ளே உள்ள ஒவ்வொரு மென்பொருளிலும் அதை மாற்ற வேண்டும். நான் சொன்ன நிறுவனத்தில் பூட்டு போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கெங்கே பழைய முகவரி எழுதியிருக்கிறது என்று பட்டியல் போடத்தான் நாள் பிடித்தது. முதல் நாளே செய்திருந்தால் அந்த வேலையே இல்லை.

கடைசியாக ஒரு சங்கதி. நம் பட்டச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. இந்தச் சான்றிதழுக்கு உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 கடைசியிலிருந்து பொதுமக்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுத்து வருகிறது. அதன் வழக்கமான ஆயுள் 90 நாள். காசுக்கு வாங்குவது 398 நாள் வரை வந்துகொண்டிருந்தது. சான்றிதழ் கொடுப்பவர்களும் பிரவுசர் நிறுவனத்தாரும் சேர்ந்த சி.ஏ./பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் அதைப் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். காலாவதியாகப் போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பி வந்த ஞாபகக் கடிதமும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது.

47 நாளுக்கு ஒருமுறை மனிதன் ஞாபகம் வைத்து மாற்ற முடியாது, மெஷின்தான் மாற்ற வேண்டும். மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம். ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் ஜன்னல் வைத்தால், வெளியே புதுக் கோப்பு வந்து உட்கார்ந்தாலும் பெட்டி பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே கோப்புறை முழுவதற்கும் ஜன்னல் வைக்க வேண்டும். 2024 அக்டோபரில் வந்த கீகிளோக் 26ஆம் பதிப்பு முதல் மணிக்கு ஒருமுறை அதுவே புதுச் சான்றிதழைப் படித்துக்கொள்ளும். அதற்கு முந்தையது என்றால் நிறுத்திக் கிளப்புவதே நிச்சயம்.

இதில் தவறினால் என்ன ஆகும்? 2020 பிப்ரவரி 3ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பல மணி நேரம் முடங்கியது. அடையாளம் சரிபார்க்கும் ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று அவர்களே அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. வாசல் ஒன்றே என்றால், அது அடைபட்டால் வீடு முழுக்க அடைபட்டதுதான்.

நண்பர்களே, இங்கே தொழிற்சாலை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், மருத்துவமனை, பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு டாக்கர் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். "நம் லாகின் சர்வர் எந்த முறையில் ஓடுகிறது, பழகும் முறையிலா, நிஜ முறையிலா? பூட்டில்லாத பின்வாசல் ஏதாவது திறந்திருக்கிறதா? சான்றிதழ் எந்தத் தேதியில் முடிகிறது, அதைப் புதுப்பிப்பது யார்?" மூன்றாவது கேள்விக்கு "யாரோ பார்த்துக்கிறாங்க சார்" என்று பதில் வந்தால் அன்றே உட்கார்ந்து பேசுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஒரு மென்பொருள் உங்களிடம் "இது இல்லாமல் நான் கிளம்ப மாட்டேன்" என்று சொன்னால், அதன் வாயை அடைக்க வழி தேடாதீர்கள். அது கேட்பதைக் கொடுங்கள். அது கேட்பது உங்களுக்காக அல்ல. நாளைக்கு அந்த வாசலில் வந்து நம்பிக்கையோடு கடவுச்சொல்லைத் தட்டப்போகும், உங்கள் முகம்கூடத் தெரியாத, ஒரு கணக்குப் பிரிவு அம்மாவுக்காக.